அங்க அடையாளம் எழுதுபவர்

"கையத் திருப்பு. இது மச்சம் இல்ல நைனா, பேனா இங்க்கு. வேற எங்கனா கீதான்னு பாரு."

ஈரத்துணியால் தேய்த்தே காட்டிவிடுகிறார் எழிலரசி. பையன் அசடு வழிய முட்டியைக் காட்டுகிறான். அங்கே நிஜமாகவே ஒரு தழும்பு. எழிலரசியின் முகம் மலர்கிறது. "எப்டி வுழுந்த?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். தழும்பு என்றால் அதற்கு ஒரு கதை இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அம்பத்தூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஜூன் மாதத்தில் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அங்க அடையாளங்களைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். "வலது கையில் ஒரு மச்சம்" என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. இவருக்கு அது ஆகாது. "வலது கைன்னா எங்க? தோள்லேர்ந்து நகம் வரிக்கும் கைதான்." முழங்கைக்கு மேலா கீழா, உள்பக்கமா வெளிப்பக்கமா என்பது தெரிந்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் மேஜை இழுப்பறையிலிருந்து அட்டை கிழிந்த ஆங்கில அகராதி வெளியே வரும்.

பெயர்கள் மட்டும் அவருக்கு நினைவில் நிற்பதேயில்லை. பாடி மேம்பாலத்தருகே பேருந்தில் யாராவது மீசை வைத்த ஆள் வணக்கம் சொன்னால், "மோவாய்க்குக் கீழ வெட்டு! ஊஞ்சல்லேர்ந்து வுழுந்தவன்தானே நீ?" என்பார். பெயர் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் ஞாபகம் வரும்.

போன ஜூனில் நாகம்மாள் என்கிற பெண், தன் மகள் காவ்யாவை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. சிறுமியின் இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து தாடை வரை கருமையாய்ப் பரவிய ஒரு பிறவிக்குறி. அதன்மேல் முடியை இழுத்து விட்டிருந்தாள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி கொடுத்த மாற்றுச் சான்றிதழில், அங்க அடையாளம் என்ற இடத்தில், 'இடது கன்னத்தில் ஒரு பெரிய ஸ்டெயின்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

எழிலரசி அதை மூன்று முறை படித்தார்.

"அந்த வார்த்தய இவ செல்லுல போட்டுப் பாத்துட்டா மேடம்," என்றாள் நாகம்மாள் தணிந்த குரலில். "கறைன்னு வந்துச்சாம். ரெண்டு வாரமா சோப்பு, எலுமிச்சம்பழம்னு தேச்சிகினே கீறா. தோலு உரிஞ்சிபோச்சி."

உரிந்துதான் இருந்தது. எழிலரசி சான்றிதழை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

தலைமையாசிரியர் தினகரன் நல்லவர், ஆனால் விதி தவறாதவர். "பழைய டி.சி.யில இருக்குறத அப்படியே ஏத்தணும் மேடம். ஸ்டெயின், மார்க்... எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார். சட்டையில கொழம்பு பட்டா ஸ்டெயின். ஒருத்தர் பேரு கெட்டுப்போனாலும் அதே வார்த்ததான். ரெண்டுமே வெளியிலேர்ந்து வந்து ஒட்டுறது. இது அந்தப் பொண்ணோட கூடப் பொறந்தது சார். இத்தப் போயி எப்டி அப்டி எழுதறது?"

"அப்போ அந்த ஸ்கூல்தான் திருத்திக் குடுக்கணும்."

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, நாகம்மாளையும் கூட்டிக்கொண்டு, அகராதியைப் பையில் வைத்துக்கொண்டு வேலப்பன்சாவடிக்குப் பேருந்து ஏறினார். அந்தப் பள்ளியின் முதல்வர் ஸ்ரீநாத் மரியாதையாக உட்காரவைத்தார். எழிலரசி பக்கத்தைப் பிரித்து வைத்து, ஒவ்வோர் அர்த்தமாகப் படித்துக் காட்டினார். ஸ்ரீநாத் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தப்புன்னே வச்சுக்கலாம் மேடம். ஆனா இந்த ஒரு வரியை யார் உட்கார்ந்து படிக்கப் போறாங்க?"

நாகம்மாள் நிமிர்ந்தாள். "எம் பொண்ணு படிச்சிட்டா சார்."

ஸ்ரீநாத்தின் சிரிப்பு நின்றது. எழுந்துபோய்ப் பழைய பதிவேட்டைத் தாமே எடுத்துவந்தார். முத்திரையும் கையெழுத்துமாகப் புதுச் சான்றிதழ் கைக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போதும் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் எழிலரசி தன் அகராதியைப் பற்றிப் பேசுவதில்லை. "நான் அரை மணி நேரம் கத்துனேன். அந்தம்மா ஒரே வார்த்தையில முடிச்சிடுச்சி," என்பார்.

அடுத்த நாள் காவ்யா மேஜைக்கு முன்னால் நின்றாள். பின்னால் பெற்றோர்களின் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. 'பர்த் மார்க்' என்றும் இடது கன்னம் என்றும் எழுதியபின் எழிலரசி பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா கலர்னு போடலாம் கண்ணு? நீதான் சொல்லணும்."

கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிறுமி அதைத் தொடவேயில்லை. வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். எழிலரசி திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார்.

காவ்யா கண்ணாடியை எடுத்தாள். முடியை ஒதுக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"டார்க் பிரவுன் மிஸ்," என்றாள். அப்புறம் இன்னும் கிட்டே வைத்துப் பார்த்து, "கீழ மட்டும் கொஞ்சம் லைட்டா கீது. டீ கலர்ல."

பதிவேட்டில் அதற்கான கட்டம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. எழிலரசி பேனாவைத் தூக்காமல், கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் எழுதிக்கொண்டே போனார்.