மூட்டைக்குள் ஈரம் பார்க்கிறவன்

அரிசி மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே எவ்வளவு ஈரம் என்று சொல்வது என் பிழைப்பு. மெஷினோடு மல்லுக்கட்டும் மகராசர்களே, உங்களுக்குப் புரியும்: மூட்டை ஒருநாளும் சண்டைக்கு வராது, மூட்டைக்காரர்தான் வருவார்.

பத்தடி தூரம்

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் செல்வராஜ் அண்ணன், அங்கிருந்து கப்பலில் நிக்கோபார் கடைகளுக்கு அரிசி அனுப்புகிறவர். போன லோடு கப்பலிலேயே பூசணம் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை அப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். எதிரெதிரே இரண்டு தட்டு, நடுவே பெல்ட்டில் மூட்டை போகும், மைக்ரோவேவ் ஊடுருவி ஈரத்தைச் சொல்லும் என்று விளக்கினேன். மனுஷன் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

"ஏன் தம்பி, உள்ளேயே சோறாயிடாதே?"

இருபத்தெட்டு

ஈரம் பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம் என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது; பதினாலைத் தாண்டினால்தான் பூசண பயம். திடீரென்று ஒரு மூட்டை இருபத்தெட்டு! பெல்ட்டை நிறுத்திப் பிரித்தால், அரிசிக்குள் பிளாஸ்டிக் டப்பா நிறைய ரசகுல்லா, சர்க்கரை ஜீராவோடு. லோடு ஏற்றும் வங்காளி அண்ணன் பிஷு தாதா, கார் நிக்கோபார் தீவில் இருக்கும் மகளுக்காக ஒளித்து வைத்துத் தைத்திருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கோ கோபம்.

"அரே பாய், இது மெஷினா, போலீஸா?"

கப்பல் நாள்

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. கடைசி லாரி மழையில் வந்தது. நாற்பது மூட்டையும் பதினேழுக்கு மேல். "ஏத்தாதீங்க!" என்று கத்திவிட்டேன். அண்ணன் முகம் செத்துப்போனது. கப்பலுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது, அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மூட்டையைத் தொட்டேன். சணல் சொதசொதவென்று இருந்தது. ஐயையோ! தட்டு அரிசியை மட்டுமா பார்க்கும், நனைந்த சாக்கையும் சேர்த்தல்லவா பார்க்கும்! ஒரு மூட்டை அரிசியைக் காய்ந்த சாக்குக்கு மாற்றி மறுபடி மெஷினில் விட்டேன். பன்னிரண்டரை. வெட்கத்தை விட்டு, "தப்பு என்னோடதுண்ணே" என்றேன். பிஷு தாதா "ஜல்தி! ஜல்தி!" என்று விரட்ட, எல்லோருமாக நாற்பதையும் சாக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் மறுபடி மெஷினில் விட்டு, நேரத்துக்கு ஏற்றிவிட்டோம்.

பத்து நாள் கழித்து அண்ணன் வந்தார். அரிசி நல்லபடி போய்ச் சேர்ந்து, கடைக்காரர்கள் அடுத்த லோடும் கேட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று போட்டார்.

"டாக்டரே சட்டையைக் கழட்டச் சொல்லிட்டுத்தானேய்யா நெஞ்சைப் பாக்குறாரு!"

மெஷினை இன்றைக்கும் முழுசாக நம்புகிறேன். என் வாயைத்தான் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் திறக்கிறேன்.