ஒதுங்க ஓர் இடம்

கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதவியில் மேல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டவர் கிரேன் ஓட்டுகிறவள், பகல் முழுக்க மேலேயே இருப்பவள், அவ்வளவுதான். காலையில் இரும்பு ஏணியில் ஏறி, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதற்குப் பிறகு வாக்கி டாக்கியில் வரும் சிக்னல்காரரின் குரல் ஒன்றுதான் துணை. "கொஞ்சம் இறக்குக்கா... இன்னும் கொஞ்சம்... நிறுத்து." கம்பிக்கட்டு தளத்தைத் தொட்டதும் அந்தக் குரலும் அடங்கிவிடும். வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காற்று வீசும்போதுகூட முட்டையை வைப்பதுபோல் இறக்கி வைப்பாள். வாயைத் திறந்து தனக்கு இன்னது வேண்டும் என்று கேட்பதில்தான் சுத்த மோசம். வீட்டில் எதற்கும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

கணவருக்கோ நேரெதிரான பிழைப்பு. பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டர். எந்த பஸ், எப்போது வரும், ஏன் இன்னும் வரவில்லை என்று நாளெல்லாம் அவரைத் துளைத்தெடுப்பார்கள். மூன்றாவது பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே மூன்றாவது பிளாட்பாரம் எங்கே என்று கேட்பவருக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். பேச ஆளில்லாமல் ஏங்கி வருகிறவளும் பேசிப் பேசி ஓய்ந்து வருகிறவரும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தினார்கள். சண்டை என்று பெரிதாக வந்ததில்லை. சண்டை போடவும் நாலு வார்த்தை வேண்டுமே.

இந்த வருடம் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது, அதிசயம்தான். நாத்தனார் தன் கூடாரத்தைக் கொடுத்து, அதை அடித்துத் தங்க இரண்டு இடங்களையும் சொன்னாள். ஒன்று ஏரிக்கரை முகாம். கேட், விளக்கு, குழாய், குளியலறை, கழிப்பறை, பக்கத்திலேயே நாலு குடும்பம். இன்னொன்று மலைக்காடு. அங்கே விளக்கும் கிடையாது, குழாயும் கிடையாது, கூப்பிட்டால் ஏனென்று கேட்க மனிதர் கிடையாது. அதைக் கேட்டதும் கணவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"காட்டுக்கே போகலாமா?" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு அது ஒத்துவராது. போன மழைக்காலத்தில் சிறுநீர்த் தொற்று வந்து அவளை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டது. "இனிமே அடக்கி வைக்காதீங்கம்மா. திரும்ப வந்தா கிட்னி தாங்காது" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னாள். வீட்டில் அதை வெறும் காய்ச்சல் என்று சொல்லி முடித்திருந்தாள். உண்மையைச் சொன்னால் கணவர் வேலையை விடச் சொல்வார். அந்தக் கூண்டை விட அவளுக்கு மனமில்லை. இப்போது காட்டில் இரண்டு இரவுகள். புதர் மறைவு என்பது அவள் உடம்புக்கு ஆகாது. சிறு வயதிலிருந்தே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டால்தான் காரியம் நடக்கும்.

மதிய இடைவேளையில் கூண்டில் இருந்தபடியே, நாத்தனார் நம்பர் கொடுத்திருந்த காட்டு வழிகாட்டிக்குப் போன் போட்டாள். முன்பின் தெரியாத ஆணிடம் எப்படிக் கேட்பது? நாசூக்காகக் கேட்டாள். "அங்க ஒதுங்க இடம் இருக்குங்களா?"

"தாராளமா இருக்கும்மா. ஒரே நேரத்துல பத்துப் பேர் ஒதுங்கலாம். என்ன மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள வராது."

பத்துப் பேர் என்றதும் அசந்துபோனாள். ஏரிக்கரையிலேயே இவ்வளவு இருக்காது போலிருக்கிறதே என்று நிம்மதியாகப் பையைக் கட்டினாள்.

வண்டியை நிறுத்திவிட்டு ஏறி நடந்து போய்ச் சேர்ந்தபோது, வழிகாட்டி பெருமையாகக் கை நீட்டிக் காட்டினான். "இதுதாம்மா நீங்க கேட்ட இடம்."

யானை முதுகுபோல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது ஒரு பாறை. அவள் அதன் பின்புறம்வரை சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கதவு எங்கங்க?"

"பாறைக்கு எதுக்கும்மா கதவு?" என்றான் அவன், நிஜமாகவே புரியாமல்.

அவள் கேட்டது அவசரத்துக்கு ஒதுங்கல், அவன் சொன்னது மழைக்கு ஒதுங்கல். யாரைக் குறை சொல்வது? வழிகாட்டி விடைபெற்றுப் போனான். கணவர் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்த மூன்று கோடுகளைக் காணோம்.

"யாரும் ஒண்ணும் கேக்கல. எதுவும் கேக்கல" என்றார், தனக்குத்தானே.

இந்த மனுஷனை எப்படி எழுப்புவது? இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். அடுத்த நிமிஷமே அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகத்துக்கு வந்தது. பயமாக இருந்தது. தன்மேலேயே கோபமும் வந்தது.

"என்னங்க, என்னால இங்க இருக்க முடியாது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அது காய்ச்சல் இல்லை என்பதை, டாக்டரம்மா சொன்னதை, கூண்டுக்கு ஏறினால் சாயங்காலம்வரை இறங்க முடியாது என்பதால் வேலை நாளில் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதை.  

"இத்தனை வருஷமாவா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"வேலைய விடச் சொல்லுவீங்க."

அவர் ஒரு புல்லைப் பிடுங்கிப் போட்டார். "சொல்லியிருப்பேன்தான்" என்றார். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்னைக் கேக்கறான்னு அலுத்துக்கறேன். உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. வேலைய விட வேணாம். நடுவுல இறங்கி ஏற நேரம் குடுன்னு அங்க கேளு. கேட்டிருக்கியா?"

"இல்ல."

"கேளு. இப்ப கிளம்பு, ஏரிக்குப் போலாம்."

விரிக்காத கூடாரத்தை அவரே தோளில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது ஒரே ஒரு தரம் திரும்பிப் பாறையைப் பார்த்தார். அது அவளுக்குச் சுருக்கென்றது.

ஏரிக்கரைக் கழிப்பறையில் பகலிலும் பளிச்சென்று விளக்கு எரிந்தது. தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெளியே வந்து குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். சே, இதற்காகவா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

திரும்பி வந்தால், கூடாரத்தை அடித்து முடித்திருந்த கணவரைச் சுற்றிக் கூட்டம். சில முகங்களுக்கு அப்படி ஒரு ராசி, பார்த்ததும் எதையாவது கேட்கத் தோன்றும். கூடார முளையை எந்தப் பக்கம் சாய்த்து அடிப்பது என்று ஒருவர், விறகு எங்கே கிடைக்கும் என்று ஒரு பாட்டையா. அவரும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நெற்றியில் மூன்று கோடுகளும் திரும்பியிருந்தன.

அவள் மடக்கு நாற்காலியை எடுத்துக் கூடார வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். "நீங்க உள்ள போய்ப் படுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். "அவர் லீவுல இருக்காருங்க. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

கேட்டார்கள். பாதிக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை எழுந்து போய் விசாரித்து வந்து சொன்னாள். பக்கத்துக் கூடாரத்து அம்மா என்ன வேலை என்று கேட்டதும் அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கூண்டு எப்படி ஆடும், மேகம் எப்படிக் காலடியில் போகும், கீழே மனிதர்கள் எப்படி எறும்பாய்த் தெரிவார்கள் என்று வெயில் இறங்கும்வரை பேசினாள்.

நடுவில் சந்தேகம் வந்து கூடாரத்துக்குள் தலையை விட்டாள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"தூக்கத்தைக் கெடுக்கறேனா?"

"இல்ல, நீ பேசு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "பாதில விட்டுட்ட. காத்து அடிச்சா அந்தக் கூண்டுல பயமா இருக்காதா?"

கல்யாணமான நாளாக அவர் இதைக் கேட்டதில்லை. அவள் நாற்காலியைக் கூடாரத்தின் உட்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.