ஆறாவது கிட்டார்

எண்பதுகளில் புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள், கிளம்புமுன் வீட்டுச் சாமான்களை விற்பார்கள். நான் ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் போய், கிட்டார் இருக்கிறதா என்று மட்டும் விசாரிப்பேன். அப்படி ஐந்து சேர்ந்துவிட்டன. எங்கள் ஒற்றை அறையில் பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. அப்போதும் ஆறாவதுக்கு அலைந்தேன்.

கடற்கரைப் பக்கத்து வீடு அது. என் வயதுப் பெண்மணி. கணவரை இழந்து ஒரு வருடம். மறுநாள் பயணம். கிட்டாரை முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"அவரு போனதிலேர்ந்து இத யாரும் தொடலண்ணே. ஒரு பாட்டு வாசிங்க. கேட்டுட்டுக் குடுத்துடறேன்."

கம்பிகளை முறுக்கி, சுருதி சேர்ப்பதுபோல் நேரம் கடத்தினேன். பிறகு, போகிற வீட்டிலெல்லாம் நான் வாசித்துப் பார்க்கும் அதே நாலு வரி. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினேன்.

"ம், வாசிங்கண்ணே."

"அவ்ளோதாம்மா தெரியும்."

கண்ணைத் திறந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"கத்துக்க வீட்ல கிட்டார் இல்லியா?"

வீட்டில் ஐந்து இருந்தன. இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப காசு வேணாம். எடுத்துட்டுப் போயி நல்லா கத்துக்குங்க."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அதன் பிறகு கிட்டார் வாங்கும் ஆசையே எழவில்லை. பழைய ஐந்தையும் கொடுத்துவிட்டேன். அந்தப் பாட்டை முழுசாகக் கற்க எட்டு மாதம் ஆனது. இப்போது நிறுத்தாமல் வாசிக்கிறேன், அவர் இல்லாத ஊரில்.