சீரியல் செட் விற்ற கடையில் நான் பேசாததும் பேசியதும்

சீரியல் லைட் செட் விற்கிற கடையில் கை வேலை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வாய் வேலை. எனக்கு அந்த வாய்தான் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆள் முகம் பார்த்துப் பேச இன்னமும் கூச்சம். பாப்பாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, செல்லூரில் இந்த எலக்ட்ரிக் கடைக்கு மூன்று வருஷம் வந்து நின்றேன். செட்டை மாட்டி எரியவிட்டுக் காட்டணும், சுருட்டிக் கொடுக்கணும். அம்புட்டுத்தான் வேலை. ஆனாலும் கல்லாவில் இருந்து முதலாளி தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார், "பேசி வித்துப் பழகு தாயி. இல்லன்னா பொங்கலோட நின்னுக்க." கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கு இந்தப் பயம் தெரியும்.

தீக்குச்சி

சின்ன செட்டில் பிளக் இருக்காது. ரெண்டு ஒயர் நுனி மொட்டையாகத் தொங்கும். பிளக்கைத் தனியாக வாங்கணும், ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள். நுனியைப் பிளக் ஓட்டையில் விட்டு, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகி விடுவார்கள். நம் பக்கத்தில் சொருகாத வீடு ஏது? எங்கள் வீட்டிலும் சொருகியிருந்தோம்.

ஒரு கார்த்திகை முடிந்து ஒருத்தர் வந்தார். கருகின செட்டை மேஜையில் போட்டார். சுவிட்ச் பெட்டி உருகி, பக்கத்தில் தொங்கின துண்டும் எரிந்துபோச்சாம். "தீக்குச்சி சொருகுனீங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைய என்ன கூறுகெட்டவன்னு நெனச்சியா? மருந்தைக் கிள்ளிப் போட்டுட்டுத்தான் சொருகுனேன்."

கொடிக்கம்பி

போன தீபாவளிக்கு முந்தின வாரம் வண்டியூரில் இருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். நீலத்தில் ரெண்டு செட் எடுத்தார்கள். எங்கே கட்டப் போறீங்க என்று முதலாளி பேச்சுக்குக் கேட்டார். "மாடியில துணி காயப்போடுற கம்பி கெடக்குண்ணே. அதுலயே சுத்திவிட்டாப் போச்சு" என்றார் அந்த அண்ணன்.

இரும்புக் கம்பி. இந்த ஒயரோ நூல் மாதிரி. காற்றில் உரசித் தோல் கிழிந்தால் கம்பி முழுக்கக் கரண்ட் ஓடும். மழை மாசம் வேறு. 'அதுல வேணாம்ண்ணே, நைலான் கயிறு கட்டி அதுல போடுங்க' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கடை நிறையக் கூட்டம். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று விழுங்கிவிட்டேன். செட்டைச் சுருட்டி அந்த அக்கா கையில் கொடுத்தேன். அது சிரித்துக்கொண்டே வாங்கியது. "எங்க பிள்ள ரெண்டு நாளா நச்சரிக்கிறா. இன்னைக்குத்தான் அவ வாய் மூடும்."

அந்தக் கை

மார்கழியில் அந்த அக்கா தனியாக வந்தது. வலது கையில் நாலு விரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தூறல் விட்டதும் ஈரத்துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறது. லைட்டை அணைக்க மறந்திருந்தார்களாம். கம்பி பிடித்துக்கொண்டது. புருஷன் ஓடிப்போய் மெயினை இறக்கியதால் உயிர் தங்கியது. ஜாக்கெட் தைத்துப் பிழைத்த கை.

சண்டைக்கு வரவில்லை. ஒரு பல்பு வாங்க வந்தது. என்னால் அடக்க முடியவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. சொல்ல வந்தேன், கூச்சத்துல சொல்லல." அந்த அக்கா இடது கையால் பல்பைப் பைக்குள் வைத்தது. "நீ சொல்லிருந்தா அவரு கேட்டிருக்க மாட்டாரு தாயி. நான் கேட்டிருப்பேன்."

அதுக்கப்புறம்

எங்கள் வீட்டில் செட்டை அவிழ்த்துவிட்டேன். பாப்பா அழுதது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். கடையில் யார் செட் கேட்டாலும் எங்கே கட்டுவீர்கள் என்று கேட்காமல் கொடுத்ததில்லை. கொடிக்கம்பியில வேணாம், இரும்புக் கேட்டுல வேணாம், கயித்துல கட்டுங்க. பிளக் போட்டுக்கங்க. கீறுன ஒயரை ஒட்டுப் போடாதீங்க. அணைச்சிட்டுத் தொடுங்க. தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வேன். ஆனாலும் சொல்லிவிடுவேன்.

பொங்கலுக்கு முந்தி, காதுகுத்துக்கு எட்டு செட் கேட்டுக் கீழக்குயில்குடியில் இருந்து ஒருத்தர் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கூட வந்தவர் பக்கம் திரும்பினார். "வா மாப்ள, வேற கடைக்குப் போவோம். நல்ல காரியத்துக்கு லைட்டு கேட்டா இந்தப் பிள்ள எழவு சொல்லுது."

மூன்று வருஷமாகப் பேசு பேசு என்று திட்டின முதலாளி, கடைசியில் என்னைப் பொங்கலோடு நிறுத்தினது நான் பேசினதற்காகத்தான்.