முடிச்சுக்காரன் லெமுவேல்

லெமுவேல் ஸ்ட்ரோதரை எனக்குப் பிடிக்காது. என் உயிரைக் காப்பாற்றியவன்தான், அதற்காகப் பிடித்துவிடுமா? டெக்சாஸிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் பெக்கோஸ் ஆற்றங்கரைக்கு வந்தவன். மனைவி வழியிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தை வெர்னாவைத் தானே ஊட்டி, தானே தலைவாரி வளர்த்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் ஊர்க்காரர்கள் மாட்டின் மேல் சுருக்கு வீசுவதற்கு முன்பே கயிற்றின் மறுநுனியைச் சேணத்தின் முன்னால் துருத்தியிருக்கும் கொம்பில் இறுக முடிந்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அப்படியில்லை. மாடு சிக்கிய பிறகுதான் சேணக் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். ஆபத்தென்றால் கயிற்றை விட்டுவிடலாம், ஆள் பிழைப்பான். லெமுவேல் கிழவனுக்கு அது கோழைத்தனம். வெர்னா என் அண்ணன் யூசேபியோவைக் கட்டிக்கொண்ட அன்று, தேவாலய வாசலில் குதிரையை விட்டு இறங்காமலே சொன்னான்.

"கயித்த விட்டுட்டு ஓடுறவன் கட்டினவளையும் விட்டுட்டு ஓடுவான். பாத்துக்கிட்டே இரு."

அண்ணன் கட்டை விரல் அறுந்துபோன தன் கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கட்டை விரலத்தான் கயித்துல விட்டிருக்கேன் மாமா. வேற எதையும் விட்டதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கிழவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அதோடு சரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் அடுப்புப் புகை எங்களுக்குத் தெரியும், எங்கள் புகை அவனுக்குத் தெரியும். வெர்னாவின் குழந்தை பிறந்து இறந்தபோது ஆள் அனுப்பினோம். அதற்கும் வரவில்லை.

ஒரு வசந்தகால நண்பகலில் நான்கு பேர் குதிரை திருட வந்தார்கள். தொழுவத்தில் குட்டியைப் பழக்கிக்கொண்டிருந்த அண்ணனை வயிற்றில் சுட்டார்கள். வெர்னா கொதிக்கும் அவரைப் பானையைத் தூக்கி ஒருவன் முகத்தில் கவிழ்த்தாள். அவன் துப்பாக்கிக் கட்டையால் அவள் பல்லை உடைத்தான். தெற்கே சுரங்க முகாம்களில் பெண்களுக்கு விலை உண்டு. எங்கள் இரண்டு பேரின் கைகளையும் கட்டிக் குதிரையில் ஏற்றினார்கள். வெர்னா இரண்டு முறை கீழே குதித்தாள். அதனால் அவர்கள் தலைவன், தாடிக்காரன், அவளைத் தன் பின்னால் உட்காரவைத்து, அவள் மணிக்கட்டைத் தன் இடுப்பு வாரோடு தோல்வாரால் பிணைத்துக்கொண்டான்.

வெடிச்சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை, ஒரு பள்ளத்தாக்கில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும்போது கிழவன் பாறை மேலிருந்து சுட்டான். ஒருவன் நீரில் குப்புற விழுந்தான். அடுத்தவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே செத்தான். முகம் வெந்தவன் என்னைக் கேடயமாக இழுத்தான். கட்டிய கைகளாலேயே அவன் இடுப்புக் கத்தியை உருவி அவன் வயிற்றில் இறக்கினேன். அண்ணனை நினைத்து இன்னொரு முறையும் இறக்கினேன்.

தாடிக்காரன் வெர்னாவோடு குதிரையை விரட்டினான். மகள் பின்னால் இருக்கிறாள், சுட முடியாது. கிழவன் குதிரையேறிக் கீழே பாய்ந்து வந்து சுருக்கை வீசினான். அது தாடிக்காரன் கழுத்தில் விழுந்தது. தோல்வாரைக் கிழவன் கவனிக்கவில்லை.

தாடிக்காரன் தெறித்து விழுந்தான், அவனோடு வெர்னாவும். விழும்போது அவன் துப்பாக்கி வெடித்ததில் கிழவனின் சாம்பல் குதிரை மிரண்டு ஓடத் தொடங்கியது. கல்லிலும் முள்ளிலும் இரண்டு உடம்புகள் பின்னால் உரசிக்கொண்டு போயின. "விட்டுரு, கயித்த விட்டுரு" என்று கத்தினேன். எதை விடுவது? சேணக் கொம்பில் முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. கடிவாளத்தை இழுத்துப் பார்த்தான், குதிரை நிற்கவில்லை. குட்டியிலிருந்து வளர்த்த குதிரை. அதன் காதுக்குப் பின்னால் துப்பாக்கியை வைத்துச் சுட்டான்.

குதிரை அவன் கால் மேலேயே விழுந்தது. தாடிக்காரன் கழுத்து முறிந்து கிடந்தான். வெர்னாவின் தோள் கழன்று, கையில் தோலே இல்லை. ஆனால் மூச்சு இருந்தது.

திருடர்களின் குதிரைகளில் திரும்பினோம். வழியில் வெர்னா அவனிடம் பேசினாள். திருமணத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"எங்க வீட்டு வழியாத்தான வந்த? அவருக்கு உயிர் இருந்துச்சா?"

நானாக இருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன்.

"இருந்துச்சு," என்றான். "தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

"நின்னா உங்க தடம் போயிடும்னு..."

"ஒரு வாய்த் தண்ணி. அதுக்கு எம்புட்டு நேரம் ஆயிடும்?"

கிழவன் குதிரையின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு சொன்னான்.

"வேற எவனா இருந்தாலும் எறங்கியிருப்பேன்."

திருடனைக் குத்திய கத்தி எனக்கு ஞாபகம் வந்தது.

அண்ணன் தொழுவத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஊர்ந்து வந்திருந்தான். கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. தலையைத் தூக்கத் தெம்பு இருந்திருக்காது. வெர்னா நல்ல கையால் அவன் முகத்தைக் கழுவினாள். கிழவன் யாரும் சொல்லாமலே மண்வெட்டியை எடுத்து, நசுங்கிய காலை இழுத்து இழுத்துக் குழி வெட்டினான். மண்ணை மூடியபின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். எதற்கு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். ஒரு "அப்பா" போதும் அவனுக்கு.

வெர்னா எழுந்து வீட்டுக்குப் போனாள். படியில் நின்று, "பெட்ரா, கேட்டைச் சாத்து," என்றாள் என்னிடம்.

"அவரு உள்ளதான் நிக்கிறாரு அண்ணி."

"தெரியும். போகச் சொல்லிட்டுச் சாத்து."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழவன் நொண்டிக்கொண்டே வெளியே போனான். திரும்பி நின்று கேட்டை அவனே இழுத்துச் சாத்தி, கம்பி வழியாகக் கையை விட்டு, உள்பக்கத் தாழ்ப்பாளையும் போட்டான்.