மஸ்தான் பாய் புகைத்த முடிவு

மதுரை ஜெயிலை விட்டு மூன்று நாளாக நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். காலில் கொப்புளம், வயிற்றில் பசி. மனசோ ஒரு நாவலின் முடிவைத் தேடிக்கொண்டிருந்தது... இப்படியும் ஒரு விடுதலை உண்டா?

யுத்தத்துக்கு முந்திய கதை. என் மேல் சில்லறைத் திருட்டுக் கேஸ். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் எங்கள் கொட்டடியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவனே. கிடந்தது ஒரே நாவல். ஞாயிறு மதியம் நான் உரக்கப் படிப்பேன். அதற்குக் கூலியாக, என் பங்குக் கயிற்றை மற்றவர்கள் திரித்துத் தருவார்கள்.

கப்பலேறிப் போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை. அதில் உயிரையே வைத்திருந்தவர் மஸ்தான் பாய் - ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளி வியாபாரி. இன்னும் பல வருஷம் உள்ளே இருக்க வேண்டியவர். ஆரம்பத்தில் மனு போட்டுப் பார்க்க வந்த மனைவி, பிறகு வரவில்லை. சோறு இறங்காமல் கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்தது அந்த ஞாயிறுகள்தான்.

துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது. பக்கத்தைப் புரட்டினேன்... அட்டை!

"ஏலே, பொறவு என்னாச்சு?"

"பக்கம் இல்ல பாய். எவனோ கிழிச்சிருக்கான்."

பாய் முகம் வெளுத்துவிட்டது. "நாந்தாம்லே. நீ படிக்க ஆரம்பிக்கதுக்கு முந்தி... பீடி சுருட்டக் காயிதம் இல்லைன்னு..."

கூடக் கிடந்த இன்னாசி விடுவானா? "ஒரு பொம்பளை தலவிதிய மூக்கு வழியா விட்டுட்டியளே, பாய்!"

கொட்டடியே சிரித்தது. பாயும் சிரித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுப் பக்கம் போவாத. கதைக்குப் போ. அவ காத்திருந்தாளா இல்லையான்னு மட்டும் வந்து சொல்லுலே."

எவள் என்று நான் கேட்கவில்லை.

மடவார் வளாகத்தில் அவர் தெரு வந்தது. தலையைக் குனிந்தபடி தாண்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கு விசாரித்தும் நாவல் இல்லை. ராஜபாளையம் வாசகசாலையில் இருந்தது - அதாவது, இருந்திருக்கிறது.

"ஒருத்தரு வீட்டுக்குக் கொண்டு போயிருக்காரு," என்றார் மேனேஜர். "எப்ப வருமோ! வந்தாலும் மெம்பருக்குத்தான். நீ என்ன செய்யுத?"

"இன்னும் ஒண்ணும் இல்லய்யா."

மில்லில் ஆள் எடுப்பதாக வழியெல்லாம் சொன்னார்கள். கூலியும் கூடுதலாம்.

மறுநாள் காலை அந்த வாசகசாலையைப் பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். புத்தகம் திரும்பி வரும்போது வாசலில் ஆள் வேண்டாமா?