ஈர வெள்ளையில் ஒரு கோடு

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போயிருந்தேன். ஓர் அறையில் சுவர் முழுக்க வெள்ளைத் துணி. அதில் வரிவரியாகப் பென்சில் கோடுகள். இங்கே பல வீடுகளில் சுவருக்குத் துணி ஒட்டித்தான் வெள்ளை அடிப்போம். பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்து, ரோலரை ஓட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டேன்.

தேநீரோடு வந்த வீட்டுக்கார அம்மா அப்படியே நின்றார். கொரியாக்காரர். கட்டையாக வெட்டிய நரைமுடி, பென்சில் கரி படிந்த விரல்கள். நான் மூடியது அவருடைய ஓவியம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். பேசியதெல்லாம் டொச் மொழியில்தான்.

"பரவாயில்லை. நானும் இண்டைக்கு வெள்ளை பூசி, காயமுன்னம் திரும்பக் கீறத்தான் இருந்தனான். அப்பிடிக் கீறக் கீறத்தான் மனம் அடங்கும்" என்றவர், "பூசேக்கை என்ன நினைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"கெதியா முடிச்சுப்போட்டு வீட்டை போகவேணும் எண்டு."

அவர் ஈர வெள்ளையை உற்றுப் பார்த்தார். "ஓம், தெரியுது."

குரலில் கோபமே இல்லை. பென்சிலை எடுத்து, மூச்சைப் பிடித்து ஒரு கோடு கீறினார். முடிந்த பிறகே மூச்சை விட்டார். பிறகு அடுத்த கோடு. நான் தேநீரைக்கூடக் குடிக்காமல் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு எத்தனையோ சுவர்கள். இன்றைக்கும் கெதியாக வீட்டுக்குப் போகும் அதே நினைப்போடுதான் அடிக்கிறேன்.